நகரின் ஒளியும் கரையின் புகையும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

நகரம் வளருந்தோறும் காபன் வெளியேற்றமும் வளர்கின்றது என்னும் கூற்று, புவியியல், பொருளியல் பாடங்களிலும் திட்டமிடல் அறிக்கைகளிலும் ஏறத்தாழ ஒரு சூத்திரமாகவே வழங்கி வருகின்றது. இச்சூத்திரத்திற்குப் போதிய சான்றுகள் இல்லாமல் இல்லை. உலக மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் இன்று நகரவாசிகள். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையேயான குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020ஆம் ஆண்டின் உலகப் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் நகரப் பகுதிகளின் பங்கினை 67 முதல் 72 சதவீதம் வரை என மதிப்பிட்டது. எனினும் இம்மதிப்பீடு நகர எல்லைக்குள் எழும் புகையை மட்டும் கொண்டதன்று. நகரத்தாரின் நுகர்வின் பொருட்டு வேறிடங்களில் எழும் புகையையும் சேர்த்துக் கணித்தது. சூத்திரத்தை எடுத்தாள்வோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இவ்வேறுபாட்டையே ஆகும். நகரம் என்பது யாது, ஒரு நகரின் வெளியேற்றம் என்பது எவ்விடத்துப் புகை என்னும் இரு வினாக்களுக்கு விடை காணாதவரை, அச்சூத்திரம் உண்மையைக் காட்டுவதிலும் பார்க்க மறைப்பதற்கே மிகுதியும் துணைபுரியும். இலங்கையில் இதனைச் சோதித்தறிதற்கு மிகப் பொருத்தமான இடம் கொழும்பு அன்று. கொழும்பிற்கு வடக்கே கிடக்கும் புத்தளக் கரையோரமே ஆகும்.

முதலாவது வினாவை முதலில் நோக்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி இலங்கை மக்களுள் 18.2 சதவீதத்தினரே நகரவாசிகள். 1981இல் இது 21.5 சதவீதமாக இருந்தது. முப்பது ஆண்டுகளாக வீதிகளும் வீடுகளும் கடைத்தெருக்களும் பெருகிய ஒரு நாட்டில் நகரவாசிகளின் விகிதம் குறைந்தது எங்ஙனம்? விடை நிர்வாகச் சொல்லகராதியிலே கிடைக்கின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தைத் தொடர்ந்து பட்டின சபைகள் மறைந்தன. அவற்றின் ஆட்புலங்கள் பிரதேச சபைகளுள் அடங்கின. மாநகர சபை, நகர சபை எல்லைக்குட்பட்டவையே நகரம் எனக் கொள்ளப்பட்டமையால், முன்னர் பட்டினமாக இருந்த ஊர்கள் ஒரே நாளிற் கிராமங்களாயின. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் தொடர்ந்து செல்லும் கட்டடங்களுட் பல, இக்கணக்கின்படி கிராமத்தைச் சேர்ந்தவையே. நகரமயமாதலையும் வெளியேற்றத்தையும் இவ்வகை எண்களைக்கொண்டு ஒப்பிடுவோர், நகரம் குறைந்து வரப் புகை மட்டும் கூடியது என்னும் விந்தையான முடிபிற்கே வருதல் வேண்டும். எல்லைக்கோடு நகரத்தைக் காட்டுவதில்லை என்பதே இதனாற் பெறப்படும் முதற்பாடம்.

எல்லைக்கோட்டினால் அறியவியலாத நகரத்தை வேறெதனால் அறிவது? தமிழிலக்கிய மாணவருக்கு இவ்விடத்திற் பட்டினப்பாலை நினைவிற்கு வருதல் இயல்பே. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைச் சொல்லும்பொழுது அதன் மதில்களோடு நிறுத்திக்கொள்வதில்லை. கடல்வழி வந்த குதிரை, வண்டிகளில் வந்த மிளகு, வடமலையின் மணியும் பொன்னும், குடமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, குணகடற் பவளம், கங்கையின் விளைபொருள், ஈழத்திலிருந்து வந்த உணவு என, எது எங்கிருந்து வந்தது என்பதை இடம் சுட்டியே அடுக்குகின்றார். சுங்கம் கொள்வோர் வருவனவற்றையும் போவனவற்றையும் அளந்து புலிமுத்திரை பொறித்ததையும் அவர் கூறத் தவறவில்லை. நகரம் என்பது பிற நிலங்களோடு கொண்ட உறவுகளின் தொகுதி என்னும் தெளிவு அவ்வருணனைக்குள் உண்டு. திணைக் கோட்பாட்டினை வெறும் இலக்கிய மரபாகக் கொள்ளாது, பண்டைத் தமிழகத்தின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து 1970களில் ஆராய்ந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்களின் நோக்கும் இவ்விடத்துப் பயன்தருவதாகும். நிலங்கள் அருகருகே இருப்பவை மட்டும் அல்ல. ஒன்றன் வளர்ச்சி மற்றொன்றன் நிலையோடு பிணைந்தது. காபன் பற்றிய இன்றைய எழுத்துகளில் இல்லாதுபோனது இப்பார்வையே.

கொழும்பின் ஒளிக்கு இப்பார்வையைப் பொருத்திப் பார்த்தல் தகும். ஒரு காலத்தில் அவ்வொளி மலைநாட்டிலிருந்து வந்தது. லக்சபானைத் திட்டம் தொடங்கி மகாவலி நீர்த்தேக்கங்கள் வரை, 1990களின் நடுப்பகுதிவரையும் நாட்டின் மின்சாரத்தில் மிகப்பெரும் பங்கு நீரின் வலுவாற் பெறப்பட்டது. அந்நாளில் மின்விளக்கு பெருகியதனாற் புகை அதே அளவிற் பெருகிவிடவில்லை. 1996ஆம் ஆண்டு வறட்சியும் மின்வெட்டும் அந்நிலையின் எல்லையைக் காட்டின. பெருகிய தேவைக்கு எண்ணெயும், பின்னர் நிலக்கரியும் துணைக்கு அழைக்கப்பட்டன. கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில், தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் அமைந்த அதே கரையில், கடற்றொழிலாளரும் கத்தோலிக்க திருச்சபையினரும் எழுப்பிய எதிர்ப்பிற்கிடையே, சீனக் கடனுதவியுடன் லக்விஜய அனல்மின் நிலையத்தின் கட்டுமானம் 2006இல் தொடங்கிற்று. முதலாவது அலகு 2011இல் இயங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவெய்தின. அலகொன்று 300 மெகாவாற்றாக அதன் மொத்த வலு 900 மெகாவாற்று. நாட்டின் மின்னுற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினை அது பல ஆண்டுகளில் வழங்கியுள்ளது. அம்மின்சாரம் 220 கிலோவோற்றுக் கம்பிவழியே வெயாங்கொடைக்கு, அதாவது மேல்மாகாணத்தின் வாயிலுக்கு, நேரே செல்கின்றது.

இவ்விடத்து ஓர் எளிய கணக்கு பயன்தரும். நிலக்கரியாற் பெறப்படும் ஒரு கிலோவாற்று மணி மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். மூன்று அலகுகளும் முழுவலுவில் ஒரு மணிநேரம் இயங்கின் அது 900 தொன்னை அண்மிக்கும். ஆண்டு முழுவதும் மூன்றில் இரு பங்கு வலுவில் இயங்குவதாகக் கொள்ளின், ஏறத்தாழ 50 இலட்சம் தொன். 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி புத்தளம் மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 7,62,000 பேர். புகை எழுந்த மாவட்டத்தின் கணக்கில் அதனை எழுதி மக்களுக்குப் பகிர்ந்தால், ஒருவருக்கு ஆறு தொன்னிற்கு மேல் வரும். இலங்கையர் ஒருவரின் சராசரி வெளியேற்றமோ ஆண்டொன்றிற்கு ஒரு தொன் அளவினதே. உடப்பிலே கரைவலை இழுப்பவரும் கற்பிட்டியிலே வெங்காயம் நடுபவரும் கொழும்பு வணிகரிலும் பன்மடங்கு புகை விடுவோராக இக்கணக்கிற் காட்சியளிப்பர். கூட்டலிலும் வகுத்தலிலும் தவறில்லை. தவறு யாருடைய கணக்கில் எழுதுவது என்பதிலேயே உள்ளது.

மேல்மாகாணம் ஒன்றே இதற்குப் பொறுப்பு எனல் பொருந்துமா எனின், அதுவும் முழுமையான விடையன்று. நுரைச்சோலை மின்சாரம் நாட்டின் மின்வலையமைப்பிற் கலந்துவிடுகின்றது. யாழ்ப்பாணத்து வீட்டு விளக்கும் பேராதனை விரிவுரை மண்டபத்து மின்விசிறியும் அவ்வலையமைப்பிலேயே இணைந்துள்ளன. எனினும், 2012இல் நாட்டு மக்களின் 203 இலட்சத்தில் 58 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்த மேல்மாகாணமே அடுக்குமாடிகளும் தொழிற்சாலைகளும் குளிரூட்டிய அலுவலகங்களும் செறிந்த இடமாதலின், தேவையின் பெரும்பகுதி ஆங்கு எழுவதென்பதில் ஐயமில்லை.

நகரத்தின் ஒளியைப் போன்றே அதன் சுவரும் இக்கரையோடு தொடர்புடையது. அரச சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின்கீழ் நிறுவப்பட்டு 1990களிற் தனியார்மயமான புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்கு, அருவக்காட்டிலே தோண்டப்படும் சுண்ணாம்புக்கல் தனியானதொரு புகையிரதப் பாதைவழியே வந்து சேர்கின்றது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை யுத்தத்தினால் 1990இல் நின்றபின், இதன் முக்கியத்துவம் மேலும் மிகுந்தது. சீமெந்தின் காபன் எரிபொருளிலிருந்து மட்டும் வருவதன்று. சுண்ணாம்புக்கல் உலையிற் சுண்ணாம்பாக மாறுங்கால் அதன் எடையில் நூற்றுக்கு 44 பங்கு காபனீரொட்சைட்டாகப் பிரிந்துபோகும். எத்துணைத் தூய எரிபொருளைக் கொண்டு உலையை மூட்டினும் இப்பங்கு நீங்காது. ஆதலின் கொழும்பில் எழும் ஒவ்வொரு மாடியின் பொருட்டும் அம்மாடி எழுமுன்பே வேறொரு கரையிற் புகை எழுந்துவிடுகின்றது. மாடியைக் காண்போருக்கு அப்புகை தெரிவதில்லை.

சுவருக்குக் கல் எடுத்த குழியை நகரம் பின்னர் வேறொன்றிற்கும் வேண்டி நின்றது. 2017 ஏப்ரில் 14ஆந் தேதி, புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து அயலிலுள்ள வீடுகளை மூடியது; முப்பதிற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழிவு ஏழைக் குடியிருப்பொன்றின்மேல் விழுந்தது என்பது தனியே கருதத்தக்கது. தலைநகரின் குப்பைக்கு மாற்றிடமாகத் தெரிவானது, 170 கிலோமீற்றர் அளவிற்குத் தொலைவிலுள்ள அருவக்காட்டின் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் அகழ்விடமே. வில்பத்துக் காட்டிற்கும் புத்தளக் களப்பிற்கும் அண்மையிலுள்ள அவ்விடத்திற்குக் குப்பை வருவதை எதிர்த்துப் புத்தளம் மக்கள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நெடுநாட் போராடினர். எனினும் 2019இற் குப்பை வந்து சேர்ந்தது. காற்றோட்டமின்றிப் புதைந்த குப்பையிலிருந்து எழும் மெதேன், நூறாண்டுக் கணிப்பிற் காபனீரொட்சைட்டிலும் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றலுடையது. கல்லாகப் போனது நகரத்தின் சுவராயிற்று. அச்சுவருக்குள் வாழ்ந்தோரின் கழிவு கல்லிருந்த குழிக்கே மீண்டது. நகரத்திற்கும் கரைக்கும் இடையேயுள்ள உறவின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

கணக்கெழுதும் துறையினர் இவ்வுறவினை அறியாதவர்கள் அல்லர் என்பதையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். நகரங்களின் வெளியேற்றத்தைக் கணித்தற்கென 2014இல் வெளியான உலகளாவிய நெறிமுறை மூவகைப் பிரிவுகளை வகுத்துள்ளது. நகர எல்லைக்குள் எழுவது முதலாவது. வெளியிலிருந்து பெறும் மின்சாரத்தின் பொருட்டு எழுவது இரண்டாவது. நகரின் செயல்களால் எல்லைக்கு வெளியே எழும் ஏனையவை மூன்றாவது. இதன்படி நுரைச்சோலைப் புகையின் உரிய பங்கு கொழும்பின் கணக்கிற்கும், அருவக்காட்டு மெதேன் அதனைத் தோற்றுவித்த நகரின் கணக்கிற்கும் செல்லும். சீமெந்தோ மூன்றாவது பிரிவிற் கட்டாயமல்லாத பகுதியுள் அடங்குவதாற் பெரும்பாலும் எழுதப்படாமலே விடுபடுகின்றது. இவ்வொழுங்கு வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதன் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. இரண்டாவது பிரிவில் எழுதப்படும் எண் ஊர்ப்பெயர் அற்றது. இத்தனை தொன் வெளியிலிருந்து வந்த மின்சாரத்தின் பொருட்டு எழுந்தது எனக் கூறுமேயன்றி, அது நுரைச்சோலையில் எழுந்தது எனக் கூறாது. காபனைப் பொறுத்தவரை இது பெருங்குறையன்று; வளிமண்டலத்தில் எங்கு கலப்பினும் அதன் விளைவு ஒன்றே. ஆனால் நிலக்கரி எரியுமிடத்திற் காபன் மட்டும் எழுவதில்லை. சாம்பலும் கரித்தூளும் சூடேறிய குளிரூட்டு நீரும் அக்கரைக்கே உரியனவாகின்றன. எண்ணைக் கொழும்பிற்கு மாற்றலாம், சாம்பலை மாற்றவியலாது. சாம்பலின் ஒரு பகுதி சீமெந்துடன் கலக்கப்பட்டு நகரத்திற்கே செல்வதும் உண்டெனினும், எஞ்சியது அங்கேயே குவிகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் புலவர் இடம் சுட்டி எழுதியதை இன்றைய கணக்கர் இடம் நீக்கி எழுதுகின்றனர். இதனால் நகரின் பொறுப்பு எண்ணளவிற் பதிவாகியும், அப்பொறுப்பு யாரை நோக்கியது என்பது பதிவாகாமற் போகின்றது.

இவ்வாறு கூறுவதாற் கரையோரத்தை ஒரு குற்றமுமற்ற கன்னிநிலமாகக் கொள்ளுதலும் தவறாகும். 1980கள் முதல் சிலாபம், முந்தல், புத்தளம் பகுதிகளிற் பரவிய இறால் வளர்ப்பு, கண்டற் காடுகளையும் உவர்ச்சேற்று நிலங்களையும் குளங்களாக்கிற்று. கண்டலின் வேரடிச் சேறு நீண்டகாலமாகக் காபனைச் சேர்த்து வைத்திருப்பது. அது கிளறப்பட்டாற் சேர்ந்தது காற்றிற் கலக்கும். 1996இற் பரவிய வெண்புள்ளி நோயின்பின் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இறாலும் இல்லை, கண்டலும் இல்லை என்ற நிலை அவ்விடங்களில் ஏற்பட்டது. இவ்வழிவிலே உள்ளூர் முதலாளிகளுக்கும் பங்குண்டு. எனினும் விளைந்த இறால் பெரும்பாலும் வெளிநாட்டு நகரங்களின் உணவுமேசைக்கே சென்றது என்பதும் உண்மை. மறுபுறம், இக்கரையின் மக்கட்செறிவு ஆலைகளின் ஈர்ப்பால் மட்டும் ஏற்பட்டதன்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அடைக்கலம் புகுந்தனர். ஓலைக் கொட்டில்கள் காலப்போக்கில் நெருங்கிய குடியிருப்புகளாயின. நகரின் நெருக்கம் வந்தது. நகரின் குழாய்நீரும் வடிகாலும் தொழிலும் அவ்வளவில் வரவில்லை. மக்கள் செறிந்தாற் புகை கூடும் என்னும் சூத்திரம் இத்தகைய குடியிருப்பின்முன் பொருளற்றதாகின்றது. இவர்கள் செறிந்து வாழ்ந்தனர், மிகுதியாக நுகரவில்லை.

செறிவு வேறு, நுகர்வு வேறு என்பது பிறநாட்டு ஆய்வுகளாலும் வலியுறும். நியூமன், கென்வேதி ஆகிய இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, 32 நகரங்களை ஒப்பிட்டு, நெருக்கமான நகரங்களில் ஒருவர் பயன்படுத்தும் பெற்றோலின் அளவு பரந்து கிடக்கும் நகரங்களினும் மிகக் குறைவு எனக் காட்டிற்று. பேருந்தும் புகையிரதமும் நடைபாதையும் செறிவோடு கூடினால் நகரமே காபனைக் குறைக்கும் கருவியாகும். கொழும்பிற்கென யப்பானிய உதவியுடன் வகுக்கப்பட்ட இலகு புகையிரதத் திட்டம் 2020இற் கைவிடப்பட்டமை, இந்நோக்கில் ஒரு போக்குவரத்து முடிபு மட்டும் அன்று. நகரமயமாதலே தீங்கு என்போர், திருத்தத்தக்க ஒரு கொள்கைத் தவற்றை மாற்றவியலாத இயற்கை நியதிபோற் காட்டிவிடுகின்றனர்.

இதற்கு எதிர்மாறான மயக்கம் ஒன்றும் உண்டு. தன் எல்லைக்குள் புகையைக் குறைத்த நகரம் தூய நகரமெனப் புகழப்படுதலே அது. பீகிங் தன் பெரும் உருக்காலையை அயல் மாகாணத்துக் கரைக்கு இடம்பெயர்த்தது. 2017இல் தன் எல்லைக்குள் இருந்த இறுதிப் பெரு நிலக்கரி மின்னிலையத்தை நிறுத்திற்று. நகரத்து வானம் தெளிந்தது மெய்யே. ஆயின் உருக்கும் மின்சாரமும் பிறவிடங்களிலிருந்து வந்துகொண்டிருந்தன. தமிழகத்திற் சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தைச் சூழ்ந்த அனல்மின் நிலையங்களும் சாம்பற்குளங்களும் அங்குள்ள மீனவர் வாழ்வைக் குலைத்த வரலாறு, புத்தளத்துக் கதையின் மூத்த உடன்பிறப்பெனத் தக்கது. நெய்தல் நிலம் பெருநகரின் பின்கட்டாக மாறுதல் ஓரிடத்து விபத்தன்று. கடல்வழி வரும் எரிபொருளும் குளிரூட்டும் நீரும் குரலெழுப்ப வலுவற்ற மக்களும் ஒருங்கே கிடைக்கும் இடமாதலின், இத்தெரிவு மீண்டும் மீண்டும் கரையின்மேலேயே விழுகின்றது.

வருங்காலம் பற்றிய வாக்குறுதிகள் இப்பின்னணியில் எடைபோடத்தக்கன. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி நிலையம் 2016இற் கைவிடப்பட்டது. புதிய நிலக்கரி நிலையம் அமைப்பதில்லை எனவும், 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதெனவும் இலங்கை 2021இல் உறுதி கூறிற்று. கற்பிட்டிக் கரையில் இதற்கான வாய்ப்பை இயற்கையே காட்டி நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிப்பதால், கப்பலிலிருந்து நிலக்கரியை இறக்குதல் அங்கு இயலாது. அம்மாதங்களுக்கு வேண்டியது முன்னரே இறக்கப்பட்டு முற்றத்திற் குவிக்கப்படுகின்றது. அதே காற்றே 2010 முதல் மாம்புரியிற் காற்றாலைகளைச் சுழற்றி வருகின்றது. நிலக்கரியைத் தடுக்கும் காற்று மின்சாரத்தைத் தருகின்றது. ஆயினும் காற்றாலை என்றவுடன் வினா தீர்ந்துவிடுவதில்லை. அயல் மாவட்டமாகிய மன்னாரில் 2025இல் காற்றாலைத் திட்டத்திற்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தமை நினைவுகொள்ளத்தக்கது. புகையற்ற மின்சாரமாயினும், எவர் நிலத்தில், எவர் ஒப்புதலுடன், எவர் பயனுக்காக என்னும் வினாக்கள் அவ்வண்ணமே நிற்கின்றன. காபன் குறைந்தது என்பதொன்றே நீதி நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே நகரமயமாதலும் காபன் வெளியேற்றமும் பற்றிய ஆய்வு, நகரின் எல்லைக்குள் எத்துணைப் புகை எழுகின்றது என்பதோடு அமைதல் தகாது. நகரம் எதனைக் கேட்கின்றது, அதனை நிறைவேற்ற எந்த நிலம் எரிகின்றது, அந்நிலத்து மக்களுக்கு அதனால் வந்தது யாது என்னும் மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதுவதே முறையான கணக்காகும். தலைநகரின் ஆண்டறிக்கையில் மின்சாரத்தின் எதிரே நுரைச்சோலை என்றும், சுவரின் எதிரே பாலாவி, அருவக்காடு என்றும், கழிவின் எதிரே மீண்டும் அருவக்காடு என்றும் ஊர்ப்பெயர்கள் இடம்பெறுதல் வேண்டும். பெயர் எழுதப்பட்ட ஊருக்கே இழப்பீடும் பரிகாரமும் கேட்கும் உரிமை பிறக்கும். பெயரற்ற தொன்களுக்கு அவ்வுரிமை இல்லை. பல்கலைக்கழகங்களிற் புவியியலும் பொருளியலும் தமிழும் பயில்வோர் தத்தம் துறைகளின் வேலிகளைக் கடந்து மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.